ஸ்டார்ட் மெனுவில் தெரிந்த பெயர்கள்

பகாங் மாநிலத்தில், ரிங்லெட்டைத் தாண்டி ஹாபு பக்கம் போகும் சாலையில், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே ஒரு சமூக மண்டபம். அதன் பின்னறையில் எட்டுக் கணினிகள். மலேசியாவில் பொது இணைய மையம் என்றதும் அரசாங்கத்தின் மையங்கள்தான் நினைவுக்கு வரும். புசாட் இன்டர்நெட் 1மலேசியா, பெடி என்று பெயர் மாறி மாறி, இப்போது நாடி என்ற பெயரில் நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. நான் போனது அந்த வரிசையில் சேராத இடம். ஒரு தொண்டு அமைப்பு நடத்துகிறது. கணினிகளுக்கான கட்டளைகள் எல்லாம் கோலாலம்பூரில் உள்ள சர்வரிலிருந்து வருகின்றன. அண்மையில் அப்படி வந்த ஒரு கட்டளையைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் போனேன். கடைசியாகத் திறந்த கோப்புகளின் பெயர்களை ஸ்டார்ட் மெனுவில் காட்டும் வசதியை எல்லாக் கணினிகளிலும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள், யார் இங்கே வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய ‘போ’ தேயிலைத் தோட்டம் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் நிரை பிடித்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். இன்று கொழுந்து எடுப்பவர்களில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களே அதிகம். தமிழ்ப் பிள்ளைகள் பலர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். இருக்கும் பெரியவர்களுக்கோ எல்லாக் காரியமும் இணையத்துக்குப் போய்விட்டது. உதவித்தொகைக்கு எஸ்.டி.ஆர்., சேமிப்புக்கு ஈ.பி.எஃப்., வருமான வரிக்கு ஈ-ஃபைலிங். 2024 ஜனவரி 2 முதல் மார்ச் 31 வரை ‘பாடு’ என்ற அரசுத் தரவுத்தளத்துக்கான பதிவு நடந்தபோது இந்த அறையில் உட்கார இடமில்லையாம். கையில் போன் இருந்தாலும், ஸ்கேன் எடுக்கவும் பாரத்தை அச்செடுக்கவும் இங்கே வந்துதான் ஆக வேண்டும்.

வருகிற எல்லாருக்கும் ஒரே லாகின். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு இருந்தால் அவரவர் கோப்பு அவரவர் கண்ணில் மட்டும் படும். ஒரே கணக்கு என்றால், முன்னால் உட்கார்ந்தவர் எதைத் திறந்தார் என்பதைப் பின்னால் வருபவருக்குக் கணினியே எடுத்துச் சொல்லும்.

அதை நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. கடைசி மேசையில் இருந்த கணினி பழுதாகிப் பல நாள் அணைந்து கிடந்ததால், புதிய கட்டளை அதற்குப் போய்ச் சேரவில்லை. மையத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் அதை எனக்காக இயக்கினார். ஸ்டார்ட் மெனுவைத் திறந்ததும் கீழ்ப்பாதியில் கோப்புப் பெயர்கள் வரிசையாக நின்றன. ‘ஐசி டெப்பான்’, அதாவது யாரோ ஒருவருடைய அடையாள அட்டையின் முன்பக்கம். அதற்குப் பக்கத்தில் ‘சுராட் பெர்ஹெந்தி கெர்ஜா’, வேலையை விட்டு விலகும் கடிதம். அதற்கும் கீழே குடியுரிமை விண்ணப்பம் ஒன்று. எதையும் திறக்கவே வேண்டாம். வேலையை விடப்போகிறவர் இன்னும் தன் மேற்பார்வையாளரான மண்டோரிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். அடுத்த அரைமணி நேரத்தில் அந்த மண்டோரின் மகனே அதே நாற்காலியில் உட்காரக்கூடும். குடியுரிமை இல்லாமல், நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசியோடு ஆண்டுக்கணக்கில் அலையும் ஒரு குடும்பம், தங்கள் விண்ணப்பம் ஊர் வாயில் விழுவதை விரும்பாது.

அடையாள அட்டையின் படம் இன்னும் மோசம். மைகாட் எனப்படும் அந்த அட்டையின் எண்ணில் பன்னிரண்டு இலக்கங்கள். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம் (பகாங்குக்கு 06), கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். முன்பக்கத்தில் படமும் முகவரியும் வேறு. ஒருவர் பெயரில் கடன் வாங்கவோ சிம் கார்டு எடுக்கவோ முயலும் மோசடிக்காரனுக்கு வேண்டிய சரக்கு ஏறத்தாழ அவ்வளவும் அதில் இருக்கிறது.

“இப்ப பாருங்கக்கா” என்று அந்தப் பெண் வலைக் கேபிளைச் செருகினார். விண்டோஸ் வலையமைப்பில் குரூப் பாலிசி எனப்படும் இந்தக் கட்டளைகளைக் கணினி தானாகவே சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். எல்லாம் ஒரே நேரத்தில் போய் நெருக்காதபடி அதற்கு மேல் அரைமணி வரை கூடுதலாகவும் ஆகும். காத்திருக்காமல் அவர் கோலாலம்பூருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கத்திலிருந்து உடனே தள்ளிவிட்டார்கள். லாக் ஆஃப் செய்து மறுபடி நுழைந்தோம். பெயர்கள் போய்விட்டன. செட்டிங்ஸில் அந்த வசதிக்கான பொத்தான் சாம்பல் நிறமாகிவிட்டது. இங்கே இருப்பவர் நினைத்தாலும் திருப்பிப் போட முடியாது. அப்படித்தான் இருக்க வேண்டும். யாரோ ஒருவர் வசதிக்காகத் திறந்துவிட்டால் அடுத்த ஐம்பது பேர் அம்பலமாவார்கள்.

ஆனால் பெயர் மறைந்ததே தவிர, கோப்பு அழியவில்லை. இதைத்தான் இந்தக் கட்டளையை அனுப்புகிறவர்கள் உரக்கச் சொல்ல வேண்டும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தேன். அந்த ஐசி படம் அப்படியே இருந்தது. உலாவியில் கன்ட்ரோலும் ஜே-யும் சேர்த்து அழுத்தினால் பதிவிறக்கிய அத்தனையும் பட்டியலாக வருகிறது. வேர்ட் செயலி தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அதற்கு வேறு அமைப்பு. விண்டோஸ் சாவியும் வி-யும் அழுத்தினால், கிளிப்போர்டு வரலாறு இயங்கிக்கொண்டிருக்கும் கணினியில், முன்னால் இருந்தவர் நகலெடுத்த எண்கூட வந்து நிற்கும். முன்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான்.

வழி இல்லாமல் இல்லை. பொதுக் கணினிகளுக்கென்றே மைக்ரோசாஃப்ட் ஸ்டெடிஸ்டேட் என்று ஒரு இலவசக் கருவி கொடுத்துவந்தது. பயன்படுத்துபவர் செய்த மாற்றம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கணினியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். நூலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் அருமையான கருவி. 2010-ஆம் ஆண்டு முடிவோடு அதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியிருக்கவே கூடாது என்பது என் எண்ணம். பிறகு விண்டோஸ் 10-இல் பகிர்வுக் கணினி முறை என்று ஒன்று வந்தது. வருபவர் விருந்தினராக நுழைவார், வெளியேறியதும் அந்தக் கணக்கே கோப்புகளோடு அழிந்துவிடும். இந்த அறைக்குத் தேவை அதுதான்.

நான் அங்கே இருக்கும்போதே ஒரு பாட்டி வந்தார். ஈ.பி.எஃப். பாரத்தைப் பாதி நிரப்பிவிட்டுப் போனவர். ஸ்டார்ட் மெனுவைத் திறந்தால் தன் பாரம் அங்கே இருக்கும், அதைத் தொட்டால் வந்துவிடும் என்பது மட்டுமே அவருக்குத் தெரிந்த வழி. ஃபோல்டர் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. காலியான திரையைப் பார்த்து, “எம் பாரத்த யாரு எடுத்தா?” என்று கேட்டார். குரலில் பயம் இருந்தது.

“யாரும் எடுக்கல பாட்டி. உங்க பென் டிரைவ்ல போட்டு வச்சிருக்கேன்” என்று மையத்துப் பெண் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதில் வண்ண நூல் கட்டியிருந்தது. வாரா வாரம் வரும் பெரியவர்களுக்கு இவரே சொந்தக் காசில் வாங்கி, ஆளுக்கு ஒரு நிறத்தில் நூல் கட்டி வைத்திருக்கிறார். கோலாலம்பூரிலிருந்து வந்த கட்டளையோடு இதற்கான காசும் வந்திருக்க வேண்டும். வசதியை நிறுத்தியது சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நிறுத்தப் போகிறோம் என்று பாட்டிக்கு ஒரு வாரம் முன்னால் தமிழில் சொல்லாததும், மாற்று வழியை இந்தப் பெண்ணின் தலையில் கட்டியதும் சரியில்லை. சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. தமிழ், நேப்பாளி, வங்காளம் மூன்றும் அதில் ஏற வேண்டும்.

வெளியேறும்போது கோப்புகளை அழிக்கும் ஏற்பாடு எப்போது வரும் என்று போனில் கேட்கச் சொன்னேன். சோதித்துக்கொண்டிருக்கிறோம், அழிப்பதற்கு முன் எச்சரிக்கை காட்டுவதில்தான் சிக்கல் என்று பதில் வந்தது. எச்சரிக்கையைத் தமிழிலும் போடுங்கள், வாசகத்தை நானே எழுதி அனுப்புகிறேன் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டு வைத்தார். “அது வர்ற வரைக்கும் கடை சாத்தும்போது எட்டு மெஷின்லயும் நாந்தான்க்கா அழிக்கணும்” என்றபடி, அந்த ஐசி படத்திலிருந்தே தொடங்கினார்.