57 மில்லிமீட்டர்

எங்கள் அலுவலகத்தில் வி.ஆர். ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு ஓர் ஆண் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், "சிஸ்டம் லேக் ஆகுதாட்ட இருக்கு, பாருங்க" என்பார்கள். ஒரு பெண் அப்படி உட்கார்ந்தால், "உங்களுக்கு இது ஒத்துக்கலைங்க" என்பார்கள். கருவியும் ஒன்று, தலைசுற்றலும் ஒன்று. ஆனால் அவருக்கு வந்தால் அது இயந்திரத்தின் பழுது, எனக்கு வந்தால் என் உடலின் பழுது.

நான் கோவையில் ஒரு கட்டடக்கலை நிறுவனத்தில் முப்பரிமாண மாதிரிகள் செய்கிறேன். இன்னும் கட்டாத வீட்டுக்குள் ஆட்களை நடக்கவைப்பது என் வேலை. சுவர், ஜன்னல், சாயங்கால வெயில் கூடத்தில் விழும் கோணம் எல்லாம் என் கையால் ஆனவை. கேபிள் இல்லாத ஹெட்செட் வாங்கிய பிறகு, முதலில் எங்களில் ஒருவர் அதை மாட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றிக்காட்ட வேண்டும். வாடிக்கையாளர் டிவியில் பார்ப்பார். பிறகு அவரே மாட்டிக்கொள்வார். ஐந்தாவது நிமிடம் எனக்குக் குமட்டியது. "நீங்க மாடல் செஞ்சு குடுத்துருங்க, தம்பி காட்டிக்கட்டும்" என்றார் சார். அந்தத் தம்பி என்னைவிட ஆறு வருடம் இளையவர். வாடிக்கையாளர் யார் முகத்தை நினைவில் வைத்திருக்கிறாரோ அவரைத் தேடித்தான் அடுத்த வேலையும் சம்பள உயர்வும் போகும். இது எந்த அலுவலகத்திலும் வேலை பார்த்த பெண்ணுக்குத் தெரியும்.

ஒதுங்கிக்கொள்வதற்கு முன்னால் கருவியைச் சோதிக்க இரண்டு வாரம் கேட்டேன்.

எங்கள் ஏற்பாட்டில் ஹெட்செட் தானாகப் படம் வரைவதில்லை. கம்ப்யூட்டர் ஒவ்வொரு ஃப்ரேமையும் வரைந்து, சுருக்கி, வைஃபை வழியாக அனுப்பும். ஹெட்செட் அதை விரித்துக் காட்டும். விநாடிக்கு 90 ஃப்ரேம் என்றால் ஒன்றுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 11 மில்லிசெகண்ட். கம்ப்யூட்டர் அதற்குள் வரைந்து முடிக்காவிட்டாலும், வரைந்தது வழியில் தங்கிவிட்டாலும், தலை திரும்பிய பிறகும் பழைய காட்சியே கண்முன் நிற்கும். தலை திரும்பிவிட்டது என்று உட்செவி சொல்லும், இல்லை என்று கண் சொல்லும். அந்த முரணில்தான் குமட்டல் வருகிறது. சாலையில் பள்ளம் இருந்தால் வண்டி குலுங்குகிறது. குலுங்குகிற வண்டியைப் பலவீனமான வண்டி என்று நாம் சொல்வதில்லை.

ஒரு ஃப்ரேம் எங்கே எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் வரைபடத்தைத் திரையில் திறந்துவைத்தேன். முதல் கோளாறு என் துறையிலேயே இருந்தது. வாடிக்கையாளர்கள் விரும்புகிறார்கள் என்று எல்லா மாதிரியிலும் பளபளக்கும் தரை கேட்பார்கள். அந்தப் பிரதிபலிப்பையும் நொடிக்கு நொடி கணக்கிடும் நிழலையும் குறைத்ததும் வரையும் நேரம் 11 மில்லிசெகண்டுக்குள் வந்தது. ஆனாலும் காட்சி விட்டுவிட்டுத் திக்கியது.

"நெட் பிளானை 300 எம்.பி.க்கு மாத்திரலாமா?" என்று கேட்டார் சார். இதற்கும் இணைய வேகத்துக்கும் சம்பந்தமில்லை. படம் எங்கள் அறையைவிட்டு வெளியே போவதே இல்லை. கம்ப்யூட்டரிலிருந்து ரௌட்டர், ரௌட்டரிலிருந்து ஹெட்செட், அவ்வளவுதான் பாதை. அந்த ரௌட்டர் இரண்டு சுவர் தள்ளி, சாரின் அறையில் இருந்தது. அலுவலகத்தின் எல்லா ஃபோன்களும் அதில்தான். கம்ப்யூட்டரும் வைஃபையில் இணைந்திருந்ததால் ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு முறை காற்றில் போய்வந்தது. ஹெட்செட்டுக்கு மட்டும் தனி ரௌட்டர் ஒன்றைச் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கி, காட்டும் அறையிலேயே தலை உயரத்துக்கு மேல் வைத்தோம். கம்ப்யூட்டரை லேன் கேபிளில் கோத்தோம். 5 கிகாஹெர்ட்ஸில் பக்கத்துக் கடைகள் பயன்படுத்தாத சேனல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். பிட்ரேட்டை 200-இலிருந்து 120 எம்.பி.பி.எஸ்.ஸுக்கு இறக்கினோம். படத்தின் கூர்மை லேசாகக் குறைந்தது, திக்கல் நின்றது.

தம்பி அரைமணி நேரம் சுற்றிவிட்டு, "இப்ப சூப்பருங்க அக்கா" என்றார். எனக்கு ஐந்து நிமிடம் பத்து நிமிடமானது. பிறகு அதே குமட்டல். "பாருங்க, மிஷின் எல்லாம் சரியாயிருச்சு" என்றார் சார். மிச்ச வாக்கியத்தை அவர் சொல்லவில்லை.

மிச்சம் இருந்தது கண். இரண்டு கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தைக் கண்ணாடிக் கடையில் பி.டி. என்பார்கள். எனக்கு அது 57 மில்லிமீட்டர். எங்கள் ஹெட்செட்டின் லென்ஸ்களை 58, 63, 68 என்று மூன்று நிலைகளில் வைக்கலாம். அது 68-இல் நின்றது. முதல் நாள் பெட்டியைப் பிரித்து மாட்டியவருக்கு அது பொருந்தியது. அதன் பிறகு யாரும் தொடவில்லை. நான் பார்த்தது லென்ஸின் ஓரத்தை. 58-க்குத் தள்ளினேன். பின்பட்டை என் கொண்டைமேல் ஏறி ஹெட்செட்டை மூக்குப்பக்கம் சரித்துக்கொண்டிருந்தது. கொண்டையை அவிழ்த்துத் தாழ்வாகப் பின்னிப் போட்டேன். அன்று நாற்பது நிமிடம் அந்த வீட்டில் இருந்தேன். இறங்கியபின் டீ குடித்தேன்.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டுமல்ல. ஆக்குலஸ் ரிஃப்ட் பாலினப் பாகுபாட்டோடு வடிவமைக்கப்பட்டதா என்ற கேள்வியை ஆய்வாளர் டானா பாய்ட் 2014-லேயே எழுப்பினார். கே ஸ்டானியும் அவரது சகாக்களும் 2020-இல் வெளியிட்ட ஆய்வு, பெண்களுக்குக் குமட்டல் அதிகம் வருவதற்கு முக்கியக் காரணம் லென்ஸ் இடைவெளி பொருந்தாமை என்று கண்டது. பொருந்திய பெண்களுக்கு ஆண்களைப் போலவே இருந்தது. பெண்களின் பி.டி. சராசரியாக ஆண்களைவிட இரண்டு மில்லிமீட்டர் போலக் குறைவு. ஆனாலும் 2019-இல் வந்த ரிஃப்ட் எஸ் கருவியில் லென்ஸை நகர்த்தவே வழியில்லை, 63.5-இல் அப்படியே நிற்கும். பொருத்தமான அளவுக்கு வைத்த பிறகும் சிலருக்குத் தலை சுற்றலாம், ஆண்களிலும்தான். அதை முடிவாகச் சொல்வதற்கு முன் அளவெடுக்க வேண்டும்.

எனக்குக் கோபம் வந்தது என் சம்பளத்தை நினைத்து மட்டுமல்ல. வீடு பார்க்க வரும் தம்பதிகளில் எத்தனை பெண்கள் ஹெட்செட்டை அரை நிமிடத்தில் கழற்றி, "நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்று கணவரிடம் நீட்டியிருக்கிறார்கள்! படுக்கையறை எங்கே, பூஜையறை எங்கே, சமையலறை எவ்வளவு என்று எல்லாம் அவர் பார்த்துச் சொன்னபடிதான் முடிவானது. ஆயுளில் பாதியை அந்தச் சமையலறையில் கழிக்கப்போகிறவர் அதைப் பார்க்காமலே வீடு திரும்பினார்.

இப்போது அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். யார் மாட்டினாலும் முதலில் லென்ஸ் அளவு, அடுத்து தலைப்பட்டை, பிறகு வரைபடம். காட்டுவதையும் நானே செய்கிறேன். தம்பி அதற்கு முகம் சுளிக்கவில்லை. அந்தத் தாளில் பாதி அவர் எழுதியது.

போன மாதம் ஓர் அம்மா 58-இல் பதினைந்து நிமிடம் சமையலறையில் நின்றார். இல்லாத குழாயைத் திறந்து பார்த்தார். குனிந்து, நிமிர்ந்து, "பாத்தரம் தேய்க்கிற எடத்துல வெளிச்சமே இல்லைங்களே கண்ணு, ஜன்னல இந்தப்பக்கம் கொண்டாந்தா ஆகாதுங்களா?" என்றார். ஆகும். ஜன்னலை நகர்த்தி வரைபடத்தைத் திருத்தி அனுப்பிவிட்டேன். அந்த வீட்டுக்கு அடித்தளம் போட்டிருக்கிறார்கள்.