திரை போட்டா வெயிட் பண்ணணும்!

எங்க ஊர் திருவண்ணாமலை. பௌர்ணமின்னா 14 கிலோமீட்டர் கிரிவலம், கோயிலுக்குள்ள அனுமார் வால் க்யூ! சந்நிதியில திரை விலகியிருந்தா, எத்தனை பேர் வேணும்னாலும் ஒரே நேரத்துல தரிசனம் பண்ணலாம். அலங்காரத்துக்குத் திரை போட்டுட்டா? உள்ளே குருக்கள் மட்டும்தான்.

மல்ட்டி த்ரெட் புரோகிராம்ல வர்ற 'ரீட்-ரைட் லாக்' அவ்வளவுதான் பாஸ்! டேட்டாவைப் படிக்கிற த்ரெட்கள் கூட்டமா வரலாம். எழுதுற த்ரெட் தனியாத்தான் வரணும். கூர்ட்வா, ஹேமன்ஸ், பார்னாஸ்னு மூணு பேர் 1971-லயே இதை அலசிட்டாங்க. 2004-ல வந்த ஜாவா 5, இந்த லாக்கை ரெடிமேடாவே கொடுத்துடுச்சு.

ரெடிமேட்னாலும் மாட்டிக்க இடம் இருக்கு. என் ஜூனியர்ஸ் ரெண்டு பேர் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டா, பௌர்ணமி ஸ்பெஷல் பஸ்ஸுக்கு ஸீட் புக்கிங் பண்ணியிருந்தாங்க. மறுநாள் ரிவ்யூ. ஸீட்டைப் பார்க்கிற வரைக்கும் ஜோர். 'புக்' பட்டனை அமுக்கினா... அப்படியே சிலை! எர்ரர்கூட வரலை. "அண்ணா, கம்ப்யூட்டர்தான் மக்கர் பண்ணுது"ன்னு ஒருத்தன் அழாத குறை.

கோடிங்கைப் பார்த்ததும் புரிஞ்சுது. ரீட் லாக் எடுத்து 'ஸீட் இருக்கா?'ன்னு பார்க்குது. அதை விடாமலே ரைட் லாக் கேட்குது. படிக்கிறவங்க எல்லாரும் வெளியே போனாத்தான் ரைட் லாக் கிடைக்கும். ஆனா, உள்ளே நிக்கிறதே அதே த்ரெட்தான்! தான் எப்போ வெளியே போவோம்னு தானே காத்துக்கிட்டிருந்தா விடியுமா?

வழி சிம்பிள். முதல்ல ரீட் லாக்கை விடணும். அப்புறம் ரைட் லாக் எடுக்கணும். எடுத்ததும் ஸீட் இருக்கான்னு மறுபடி பார்க்கணும். இதை மட்டும் விட்டுடாதீங்க... அந்த இடைவெளியில வேற ஒருத்தர் கடைசி ஸீட்டைப் பிடிச்சிருக்கலாம். 14 கிலோமீட்டர் நடந்துட்டு வந்த பாட்டி, டிக்கெட்டைக் கையில வெச்சுக்கிட்டு ஊர் வரைக்கும் நிக்கணுமா? லாக்கைத் திறக்கிற வரி 'ஃபைனலி' பிளாக்குக்குள்ள இருக்கட்டும். நடுவுல எக்ஸப்ஷன் வந்தாலும் திரை விலகிடும்.

இன்னொண்ணு... தரிசன க்யூ நிக்காம வந்துக்கிட்டே இருந்தா, குருக்கள் எப்போ திரை போடுறது? எழுதுற த்ரெட் பட்டினிதான்! லாக்கை உருவாக்கும்போதே 'ட்ரூ'ன்னு கொடுத்தா, ஏறக்குறைய வந்த வரிசையில சான்ஸ் கிடைக்கும். வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

ராத்திரி எல்லாத்தையும் மாத்திட்டு, ரெண்டு கம்ப்யூட்டர்ல ஒரே நேரத்துல கடைசி ஸீட்டைக் கேட்டோம். ஒண்ணுக்கு டிக்கெட். இன்னொண்ணுக்கு 'ஸீட் இல்லை'. ஸீட் இல்லைன்னு வந்ததுக்குத் துள்ளிக் குதிச்ச பசங்களை அன்னிக்குத்தான் பார்த்தேன்!