வருத்தமில்லாதவர் ஏன் போக வேண்டும்?



2013ஆம் ஆண்டு. மீள்குடியேறி எருக்கலம்பிட்டியில் நான் ஓதிக் கொடுத்துக்கொண்டிருந்த காலம். என் ராத்தா ஒரு மஸ்அலா கேட்டார். "முப்பத்தைந்து வயதாகிவிட்டது, சுகவனிதையர் கிளினிக்குக்கு வாருங்கள்" என்று மிட்வைப் மிஸ்ஸி சொல்லிப் போயிருந்தாராம். "எனக்கு வருத்தம் ஒன்றுமில்லையே தம்பி, அவ்ரத்தைக் காட்டலாமா?"

ளரூரத் இருந்தால் ஆகும், வருத்தமே இல்லாதவருக்கு என்ன ளரூரத் என்றேன். கிதாபில் ஓதியது சரிதான். பொருத்திய இடம் பிழை. ராத்தா போகவில்லை.

வருத்தம் தெரிந்தபின் அது என்னவென்று பார்ப்பது ஒரு சோதனை. ஒன்றும் தெரியாதபோதே, சுகமாக நடமாடுபவர்களைச் சல்லடையில் சலிப்பதுபோல் பார்த்து, சந்தேகமானவரைப் பிரித்தெடுப்பது வேறு. அதைத்தான் ஸ்கிரீனிங் என்கிறார்கள். மன்னாருக்கு இது புதிதல்ல. மீள்குடியேறிய இடங்களில் மலேரியாத் தடை இயக்கத்தினர் காய்ச்சல் இல்லாதவர்களின் விரலிலும் குத்தி இரத்தம் பார்த்தார்கள். நாட்டுக்குள்ளே தொற்றிய கடைசி மலேரியா 2012இல்; 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றது. விரலை நீட்டியபோது யாரும் என்னிடம் மஸ்அலா கேட்கவில்லை!

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஒரு வைரஸால் வருவது. தொற்றிலிருந்து புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருடங்களுக்கு மேல் செல்லும். அதுவரை வலியில்லை, இரத்தமில்லை. அந்த இடைவெளியில் கண்டால் கெட்ட பகுதியை மட்டும் அகற்றிவிடலாம். பெப் பரிசோதனையில் சில கலங்களைச் சுரண்டி எடுத்துக் கண்ணாடித் தட்டில் தடவிப் பார்ப்பார்கள். சில நிமிட வேலை. 1996இல் தொடங்கிய இந்தக் கிளினிக்குகளில் இலவசம். பிரஷரும் சீனியும் மார்பும் கூடப் பார்ப்பார்கள்.

2018இல் ராத்தாவுக்கு இரத்தம் போகத் தொடங்கியது. மகரகமவுக்கு எத்தனையோ இரவுப் பயணங்கள். 2020இல் வபாத்தானார். அன்று போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல மாட்டேன். ஹயாத் அல்லாஹ்வின் கையில். ஆனால் அந்த வாசலைச் சாத்தியது என் வார்த்தை.

களா கத்ர் என்பார்கள். ஷாமில் கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டு வழியிலேயே திரும்பிய உமர் (ரலி) அவர்களிடமும் இதைத்தான் கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு கத்ரிலிருந்து இன்னொரு கத்ருக்கே போகிறோம் என்பது அவர்கள் பதிலின் கருத்து. மறைந்திருக்கும் வருத்தத்தைத் தேடுவதும் தேவைதான் என்று இப்போது சொல்கிறேன். பெண்ணே பார்க்க வேண்டுமென்றால் மிஸ்ஸியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். என் மனைவி அப்படித்தான் போனார்.

சல்லடை சில வேளை நல்ல மணியையும் பிடிக்கும். 2022இல் மனைவியை மறுபடி அழைத்தார்கள். மூன்று கிழமை வீட்டில் நித்திரையில்லை. கடைசியில் சாதாரண அழற்சி. கெட்ட மணி நழுவுவதும் உண்டு. ஆகவே முன்பு "நல்லது" என்று முடிவு வந்திருந்தாலும், இடையில் இரத்தம் பட்டால் அடுத்த தவணைக்குக் காத்திராதீர்கள்.

அந்த வைரஸுக்கு எதிரான ஊசியைத் தரம் 6 பெண்பிள்ளைகளுக்கு 2017 முதல் பாடசாலைகளில் போடுகிறார்கள். மகள் சம்மதப் படிவத்தைக் கொண்டுவந்தபோது, ராத்தா மஸ்அலா கேட்ட அதே திண்ணையில் இருந்துதான் கையொப்பமிட்டேன்.