எட்டுக் கால்

ஜூலை 9, புதன்

செவலைக்கு இது மூன்றாம் ஈத்து. சினை ஊசி போட்டது அக்டோபர் 20 என்று காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன். 280 நாள் கூட்டினால் ஜூலை 27 வருகிறது. ஆனால் மடி இப்போதே இறங்கிவிட்டது. வயிறு இரண்டு பக்கமும் புடைத்திருக்கிறது. படுத்தால் எழுவதற்குள் பெரும்பாடு. தடத்தில் போகிறவர்கள் கட்டுத்தரைப் பக்கம் எட்டிப் பார்த்து, “ரெட்டைக் கன்னுங்க, சந்தேகமே இல்லை” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

டாக்டர் அப்படிச் சட்டென்று சொல்லவில்லை. கையுறை போட்டுக்கொண்டு ஆசனவாய் வழியாகத் தொட்டுப் பார்த்தார். இத்தனை மாதத்தில் கருப்பை அடிவயிற்றில் இறங்கிக் கிடக்கும், கைக்கு எட்டுவது கொஞ்சம்தான் என்றார். கருப்பையில் நீர் கோத்தாலும் வயிறு இப்படித்தான் ஊதுமாம். ஆனால் அது சில நாளிலேயே மளமளவென்று பெருத்துவிடும், மாடும் தீனியை விட்டுவிடும். செவலை இன்னும் தட்டைக் கடிக்கிறது. “இரட்டையாகத்தான் இருக்கும். ஒரு வாரம் பத்து நாள் முந்திக்கும். ராத்திரியில ஒரு கண்ணு வெச்சுக்கங்க” என்று சொல்லிப் போனார். இரண்டு கன்றும் இரைப்பையை நெருக்குவதால் தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து தடவை போடச் சொன்னார்.

அத்தைக்கு, என் மாமியாருக்கு, ஒரே சந்தோஷம். ரெண்டும் கிடேரியாகவே விழும் என்கிறார்.

ஜூலை 13, ஞாயிறு

நாத்தனார் நங்கையாவின் மகள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள். போனில் ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாள். கன்று ஒழுங்காக வந்தால் இரண்டு முன்னங்கால், அதன் மேல் மூக்கு. குளம்பின் அடிப்பக்கம் தரையைப் பார்த்திருக்கும். இரட்டை என்றால் உள்ளே எட்டுக் கால், எது யாருடையது என்று கைதான் சொல்ல வேண்டும். “குளம்புக்கு மேலே இருக்கிற ரெண்டு மூட்டும் ஒரே பக்கம் மடங்கினா முன்னங்கால் அத்தை. எதிரெதிராக மடங்கினா பின்னங்கால், கூரா ஒரு குதிமுனையும் கையில தட்டும். போன ஈத்துக் கிடேரி நிக்குதில்ல, அதோட காலைக் கண்ணை மூடிக்கிட்டுத் தடவிப் பாருங்க.”

தடவிப் பார்த்தேன். ஓர் உதையும் வாங்கினேன். ஆனால் வித்தியாசம் கைக்குப் பிடிபட்டுவிட்டது.

உள்ளே கைவிட வேண்டி வந்தால் என் கைதான் என்று முடிவாகிவிட்டது. வீட்டுக்காரருடைய கை மண்வெட்டி பிடித்துப் பெருத்த கை. நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டேன். பருத்திக் கயிறு இரண்டை வெந்நீரில் போட்டு எடுத்துக் காயவைத்தாயிற்று. சோப்பு, தேங்காயெண்ணெய், டிஞ்சர் அயோடின் எல்லாம் சாளைத் திண்ணையில் ஒரு வாளிக்குள் இருக்கின்றன.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் நாள். வாலடியில் இரண்டு பக்கமும் குழி விழுந்துவிட்டது. காம்புகள் விறைத்து நிற்கின்றன. 27 எல்லாம் இனி இல்லை.

ஜூலை 19, சனி, விடியற்காலை

கை இன்னும் நடுங்குகிறது. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

நேற்று மத்தியானத்திலிருந்தே படுப்பதும் எழுவதுமாக இருந்தது. வாலைத் தூக்கிக்கொண்டே நின்றது. ராத்திரி ஒன்பதரைக்குத் தண்ணீர்க்குடம் உடைந்தது. அதன்பின் முக்கி முக்கி ஒரு குளம்பு எட்டிப் பார்ப்பதும் உள்ளே போவதுமாக இருந்ததே தவிர வேறு நகர்வு இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். 1962 கால்நடை ஆம்புலன்ஸுக்கு அழைத்தோம். வண்டி வேறோர் ஊரில் இருந்தது. டாக்டர் போனில் வந்தார், “கிளம்பிட்டேன். அதுக்குள்ள கையைக் கழுவி உள்ள பாருங்க. எதையும் இழுக்க வேண்டாம், என்ன இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க.”

எண்ணெய் பூசி உள்ளே விட்டேன். ஒரு தலை, ஒரு குளம்பு, பக்கத்தில் இன்னொரு குளம்பு. ஆகட்டும், இரண்டு காலும் தலையும் சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். இப்படித் தோன்றுகிற இடத்தில்தான் கயிறு போட்டு இழுத்து மாட்டைக் கெடுத்துவிடுவார்கள் போலிருக்கிறது. இரண்டாவது குளம்பின் அடிப்பக்கம் மேலே பார்த்திருந்தது. மூட்டு மூட்டாகக் கையை ஏற்றினேன். எதிரெதிராக மடங்கியது, குதிமுனை தட்டியது. இது வேறொரு கன்றின் பின்னங்கால்.

சொன்னதும் டாக்டர், பின்னால் இருப்பதை உள்ளே தள்ளச் சொன்னார். மாடு முக்கும்போது தள்ளக் கூடாது, முக்கல் நின்ற இடைவெளியில்தான் தள்ள வேண்டும். முக்கல் வரும்போது எலும்புக்கும் கன்றுக்கும் நடுவே என் கை மாட்டி மரத்துப் போனது. பின்னங்கால் ஒருவழியாக விலகியது. முதல் கன்றின் மற்ற முன்னங்காலைத் தேட வேண்டியிருந்தது. முட்டியில் மடங்கி உள்ளே கிடந்தது. குளம்பைக் கைக்குள் பொத்திக்கொண்டே நிமிர்த்தினேன், இல்லாவிட்டால் குளம்பு கருப்பையைக் கிழித்துவிடும். அந்தக் காலைப் பிடித்தபடியே மார்புவரை தடவிப் போய், அங்கிருந்து மற்றக் காலுக்கு வந்து, இரண்டும் ஒரே உடம்புதான் என்று பார்த்த பிறகுதான் கயிறு கேட்டேன்.

வீட்டுக்காரர் இழுத்தார். மாடு முக்கினால் மட்டும், ஒரு கால் மாற்றி ஒரு கால். தலை வெளியே வந்ததும் கீழ்நோக்கி இழுத்தார். காளைக்கன்று. அத்தை “அடுத்தது கிடேரிதான்” என்றார். அந்த நேரத்திலும் கணக்கு.

அதற்குள் டாக்டர் வந்துவிட்டார். இரண்டாவது, பின்னங்கால் முன்னால் வந்தது. அதைத் திருப்பத் தேவையில்லை, அப்படியே எடுக்கலாம். ஆனால் இடுப்பு வெளியே வந்ததும் தொப்புள்கொடி நசுங்கிவிடும், தலை இன்னும் உள்ளே இருக்கும், தாமதித்தால் கன்று மூச்சு முட்டிச் செத்துவிடும். அதனால் அந்தக் கடைசி அரை நிமிடம் மட்டும் வேகம். விழுந்த கன்று அசையவில்லை. மூக்கைத் துடைத்து, வைக்கோல் காம்பை மூக்குத் துவாரத்தில் விட்டு, நெஞ்சைச் சாக்கால் பரபரவென்று தேய்த்தார். தும்மியது. கிடேரி.

டாக்டர் கையை விட்டு மூன்றாவது இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

தொப்புளில் அயோடின் வைத்து, நெல் நிறுக்கும் தராசில் எடை போட்டோம். காளை 17 கிலோ, கிடேரி 15. ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்தோம். முதல் நாளில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்காவது உள்ளே போக வேண்டுமாம். கிடேரிக்கு ஊம்பத் தெம்பில்லை, பாட்டிலில்தான் புகட்டினேன்.

ஜூலை 20, ஞாயிறு

நேற்று சாயங்காலம் செவலை எழவில்லை. காது சில்லிட்டு, கழுத்தை விலாப்பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தது. டாக்டர் 450 மில்லி கால்சியம் பாட்டிலை நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். வேகமாக ஏறினால் இதயம் நின்றுவிடும் என்பதால் நடுநடுவே நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். ராத்திரியே எழுந்துவிட்டது.

நஞ்சுக்கொடி இன்னும் விழவில்லை. இரட்டைக்கு இது சகஜம். பெரியப்பா ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் இறங்கிவிடும் என்றார். டாக்டர் தொடவே கூடாது என்று சொல்லி, காலையும் மாலையும் காய்ச்சல் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அத்தை மூங்கில் இலை கொண்டுவந்து போட்டார், அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. இரட்டை அதிர்ஷ்டம் என்று வாழ்த்த வந்தவர்கள் கொடியின் நாற்றத்துக்கு வாசலோடு நின்றுகொண்டார்கள்.

ஜூலை 22, செவ்வாய்

கொடி துண்டு துண்டாக விழுந்தது. ஆலமரத்தில் கட்டப் பழந்துணி எடுத்து வைத்திருந்தார் அத்தை. கட்டுகிற நிலையில் அது இல்லை. குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம்.

ஆகஸ்ட் 2, சனி

பக்கத்துத் தோட்டத்துக்காரர் கிடேரியை விலைக்குக் கேட்கிறார். நல்ல பால்மாட்டு வம்சம், நல்ல விலை. வீட்டுக்காரர் தலையாட்டும் நிலையில்தான் நங்கையாவின் மகள் வந்து சேர்ந்தாள்.

காளையோடு கூடப் பிறந்த கிடேரி நூற்றில் தொண்ணூறுக்கு மேல் சினையே பிடிக்காதாம். வயிற்றுக்குள் இரண்டின் நஞ்சும் ஒட்டி ரத்தக்குழாய் சேர்ந்துவிடுகிறது. காளையின் பக்கத்திலிருந்து வருவது கிடேரியின் கருப்பையையும் சூலகத்தையும் வளரவிடாமல் தடுத்துவிடுகிறது. அமெரிக்காவில் ஃபிராங்க் லில்லி என்பவர் 1917லேயே இதை விளக்கி எழுதியிருக்கிறாராம். “அம்மிச்சி கும்பிட்ட கிடேரி வந்துச்சு, கூடவே காளையும் வந்துடுச்சே” என்று அவளுக்கே வருத்தம்.

மழுங்கிய முனையுள்ள சின்னக் கண்ணாடிக் குழாயைக் கழுவி எண்ணெய் தடவி, கிடேரியின் பிறப்பு வாயில் மெல்ல விட்டுப் பார்த்தாள். இந்த வயதில் 12 சென்டிமீட்டருக்கு மேல் போக வேண்டும். பாதி தூரத்தில் நின்றுவிட்டது. ரத்தத்தில் குரோமோசோம் பார்த்தால் இன்னும் உறுதியாகும் என்றாள்.

அத்தை நம்பவில்லை, பருவத்துக்கு வரட்டும் பார்க்கலாம் என்கிறார். வாங்க வந்தவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள் என்றேன். இவர் போய்ச் சொன்னார். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் காளைக்கன்றுக்கு விலை கேட்டாராம், கிடேரிக்குச் சொன்னதில் கால்வாசி.