ஆயாவின் குரல் பக்கத்து ஃபோல்டருக்குப் போக 9 மணி நேரமா?

சேலத்திலிருந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். அதையும் தாண்டி, காபியும் மிளகும் விளைகிற சேர்வராயன் மலைச்சரிவில் இருக்கிறது மாரமங்கலம். அங்கே ஓட்டு வீடு ஒன்றில், டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில், சின்ன செருப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க். வீட்டில் எல்லோரும் அதை 'அண்ணன் பெட்டி' என்பார்கள்.

கடைக்காரர்கள் அதை 'நாஸ்' என்கிறார்கள். நெட்வொர்க் அட்டாச்டு ஸ்டோரேஜ் என்பதன் சுருக்கம். வீட்டு வைஃபையில் இருக்கும் எல்லா போனும், லேப்டாப்பும், டிவியும் பங்குபோட்டுக்கொள்ளும் பொது அலமாரி அது. திருப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் வாங்கி வைத்துவிட்டுப் போனான். "மேல நெட்டு நின்னு நின்னு வருது. கூகுள்ல ஏத்தி எப்ப முடியும்? இதுக்கு நெட்டே வேண்டாம். வீட்டு வைஃபை போதும்" என்றான்.

நான்கு வருடமாக அண்ணன் எடுத்த வீடியோக்கள் அதில் இருந்தன. பாதிக்கு மேல் ஆயாவுடையவை. சாமை குத்துகிற ஆயா, பலாக்கொட்டை சுடுகிற ஆயா, பேரனைத் திட்டுகிற ஆயா. ஆயா போய் ஒரு வருடம். மறுநாள் முதல் நினைவு நாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் வருகிறார்கள்.

சேலத்தில் கல்லூரி படிக்கும் தங்கைக்கு ஒரு ஆசை. வீடியோ எல்லாம் 'அண்ணன்' என்ற ஃபோல்டரில் இருக்கிறது. அதை அவன் மட்டும்தான் திறக்க முடியும். அவனுடைய பாஸ்வேர்டை வாங்கி, எல்லாவற்றையும் 'குடும்பம்' ஃபோல்டருக்கு மாற்றிவிட்டால், வருகிறவர்கள் டிவியில் பார்க்கலாம்.

மாலை ஐந்தரை மணிக்கு லேப்டாப்பில் இரண்டு ஃபோல்டரையும் திறந்தாள். 412 வீடியோக்கள், 300 ஜிபி. கட் செய்தாள், பேஸ்ட் செய்தாள். திரையில் வந்தது: 9 மணி நேரம் 15 நிமிடம்.

"ஒரே பெட்டிக்குள்ள, இந்தத் தட்டுல இருந்து அந்தத் தட்டுக்கு மாத்த ஒன்பது மணி நேரமா?" என்று அம்மா கேட்டார். அவளிடம் பதில் இல்லை. ஓடட்டும் என்று விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஏழு மணிக்கு மழை. இடி. கரண்ட் போனது.

லேப்டாப் மட்டும் இருட்டில் மின்னிக்கொண்டிருந்தது. பெட்டி அணைந்துவிட்டது. திரையில் பிழைச் செய்தி. கடைசியாக நகர்ந்துகொண்டிருந்த வீடியோவின் பெயரைப் பார்த்ததும் அவளுக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆயா தன் கல்யாணக் கதையை 40 நிமிடம் சொல்கிற வீடியோ. அதற்கு வேறு பிரதி எங்கும் கிடையாது.

போனில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் வாசல் படி. குடையைப் பிடித்துக்கொண்டு அண்ணனை அழைத்தாள்.

"அண்ணா, கட் பண்ணிப் போட்டேன். நடுவுல கரண்ட் போயிடுச்சு. ஆயா வீடியோ போச்சாண்ணா?"

"அழாத பாப்பா. ஒரு ஃபைல் முழுசா அங்க போய்ச் சேர்ந்த பிறகுதான் இங்க இருக்கிறதை லேப்டாப் அழிக்கும். பாதியில நின்னா பழசு பழைய இடத்துல இருக்கணும். கரண்ட் வந்ததும் ரெண்டு பக்கமும் எண்ணிப் பாரு."

ஒன்பது மணிக்குக் கரண்ட் வந்தது. பெட்டி உயிர்பெற்றதும் எண்ணினாள். புது ஃபோல்டரில் 61. பழையதில் 352. கூட்டினால் 413. இருந்தது 412 தானே? அந்த ஒன்று ஏன் கூடுகிறது என்று புரிந்தபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. ஆயாவின் கல்யாணக் கதை இரண்டு பக்கமும் இருந்தது. புதியதில் 1.1 ஜிபி, அரைகுறை. பழையதில் 3.4 ஜிபி, முழுசாக.

மறுபடி வாசல் படி. இந்த முறை அண்ணன் விளக்கமாகவே சொன்னான்.

"பக்கத்து வீட்டு அத்தைக்கு ஒரு பலாப்பழம் குடுக்கணும்னு வை. நீ என்ன பண்ணினே தெரியுமா? அதை 20 வளைவும் இறக்கி சேலத்துக்குக் கொண்டுபோய், அங்க இருந்து திரும்ப ஏத்திக் கொண்டுவந்து அத்தை வீட்டுல வெச்சிருக்கே."

நடந்தது அதுதான். இரண்டு ஷேர்டு ஃபோல்டர்கள் லேப்டாப்புக்கு இரண்டு தனித்தனி டிரைவ்களாகத் தெரிகின்றன. கட் செய்து ஒட்டும்போது, பல நேரம் ஒவ்வொரு வீடியோவும் பெட்டியிலிருந்து ரவுட்டர் வழியாக வைஃபையில் லேப்டாப்புக்கு வந்து, அதே வழியில் திரும்பிப் போகிறது. போக்கும் வரவும் ஒரே வைஃபையில். இரண்டு சுவர் தாண்டிய அந்த அறையில் கிடைத்த வேகம் விநாடிக்கு 9 எம்பிதான். லேப்டாப்பை நல்ல கேபிளில் ரவுட்டரோடு இணைத்திருந்தால், ஜிகாபிட் இணைப்பில் விநாடிக்கு 100 எம்பிக்கு மேல்கூடப் போயிருக்கும்.

ஆனால் கேபிளும் தேவையில்லை. அந்த வேலையைப் பெட்டியிடமே சொல்லிவிடலாம். நாஸ் பெட்டி என்பதே ஒரு சின்ன கம்ப்யூட்டர்தான். பிரவுசரில் அதன் முகவரியைத் தட்டி உள்ளே போனால், அதற்கென்று ஒரு ஃபைல் மேனேஜர் இருக்கும். சில நிறுவனங்கள் அதை 'ஃபைல் ஸ்டேஷன்' என்கின்றன. அங்கே கட்டளை கொடுத்தால் வீடியோக்கள் பெட்டியை விட்டு வெளியே வராது. லேப்டாப்பை மூடி வைத்தாலும் வேலை நடக்கும்.

இரண்டு ஃபோல்டரும் ஒரே வால்யூமில் இருந்தால், சில பெட்டிகளில் 'மூவ்' கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். வீடியோ இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் விலாசம் மட்டும்தான் மாறும். வேறு சில பெட்டிகளில் ஒவ்வொரு ஷேர்டு ஃபோல்டரும் உள்ளுக்குள் தனி அறை. அங்கே விலாசம் மாற்றினால் போதாது, சாமானையே தூக்கிவைக்க வேண்டும். அப்போதும் வைஃபை வழியை விட வேகம் அதிகம்.

"அப்ப மூவ் குடுத்துடவாண்ணா?"

"வேண்டாம். காப்பி குடு. எண்ணிக்கையும் ஜிபியும் சரியா இருக்கான்னு பார்த்துட்டு, நாளைக்கு நான் வந்த பிறகு பழசை அழிக்கலாம்."

அதற்கு இரண்டு காரணங்கள். திரும்பக் கரண்ட் போனாலும் மூலம் அப்படியே இருக்கும். இன்னொன்று பூட்டு. பெட்டிக்குள் 'மூவ்' செய்தால், பல நேரம் ஃபைல் தன் பழைய அனுமதிகளோடே போய் உட்காரும். இடம் மாறியிருக்கும், ஆனால் அம்மாவின் போனில் திறக்காது. காப்பி செய்தால் பெரும்பாலும் புது ஃபோல்டரின் அனுமதியே அதற்கும் வந்துவிடும்.

அரைகுறை ஃபைலை முதலில் நீக்கினாள். இடம் போதுமா என்று பார்த்தாள். 352 வீடியோக்களையும் தேர்ந்தெடுத்து 'காப்பி' கொடுத்தாள். ஒரு மணி நேரம் சொச்சத்தில் முடிந்தது. புது ஃபோல்டரில் 412. ஜிபியும் சரி. ஆயாவின் கல்யாணக் கதையை மட்டும் கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தாள்.

காலையில் முதல் பஸ்ஸில் அண்ணன் வந்தான். அப்பா அவனிடம் கேட்டார். "உள்ள ரெண்டு டிஸ்க் இருக்குதே, ஒண்ணு போனா ஒண்ணு இருக்காதா?"

"டிஸ்க் கெட்டுப்போனா இருக்கும்ப்பா. நாம தப்பா அழிச்சா ரெண்டுலயும் சேர்ந்து அழிஞ்சிடும். இடி விழுந்தா பெட்டியே போயிடும்."

கண்ணாடி மாதிரி இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றையே எழுதுவது பேக்கப் ஆகாது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பிரபலப்படுத்திய 3-2-1 விதி எளிமையானது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறு இடத்தில். 1981-ல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் சேர்ந்தே சாம்பலாயின. ஈழத்து நூல்களை இன்று எண்ணிமமாக்கிச் சேமிக்கும் நூலகம் திட்டம் 2005-ல் தொடங்கியது. ஒரே இடத்தில் ஒரே பிரதி என்றால் என்ன ஆகும் என்பது அந்த மக்களுக்குப் பட்டுத் தெரிந்த பாடம். ஒரு வீட்டின் ஆயாவும் ஒரு நூலகம்தான்.

படையல் முடிந்ததும் டிவியைப் போட்டார்கள். அத்தை தரையில் உட்கார்ந்து, திரையில் ஆயா சிரிக்கும்போதெல்லாம் சேர்ந்து சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. முடிந்ததும் மருமகளிடம் மெதுவாகக் கேட்டார்.

"இதை எனக்கும் ஒண்ணு போட்டுத் தர முடியுமா கண்ணு?"

"ஆளுக்கு ஒண்ணு போட்டுத் தரேன் அத்தை" என்றாள் அவள். அண்ணன் பையிலிருந்து எக்ஸ்டர்னல் டிஸ்க்கை எடுத்தான். "முதல்ல இதுல ஒண்ணு போடு பாப்பா. இது என்கூட திருப்பூருக்கு வருது."

பழைய ஃபோல்டரை அன்றைக்கு யாரும் அழிக்கவில்லை.