வெயிலைச் சேமிக்கும் ஊர்

மதுரை வெயிலைப் பற்றி நல்ல வார்த்தை சொல்பவர்கள் மிகவும் குறைவு. சித்திரைத் திருவிழாவுக்கு வரும் வெளியூர் யாத்திரிகர், மீனாட்சி கல்யாணத்தைத் தரிசித்து மனம் குளிர்ந்தாலும், கோபுர வாசலைத் தாண்டியதும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நிழலைத் தேடி ஓடுகிறார். அக்கினி நட்சத்திரம் பிறந்துவிட்டால் உள்ளூர்வாசிகளும் பகலில் வீட்டை விட்டு வெளிக் கிளம்பத் தயங்குகிறார்கள். மே மாதத்தில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே அபூர்வமன்று.

ஆயினும், இந்நகரத்தையும் இதைச் சுற்றியுள்ள சமவெளியையும் நிதானமாகச் சுற்றி வருகிறவர்களுக்கு ஓர் உண்மை புலப்படும். எந்த மாதங்களில் தோப்புகளும் தோட்டங்களும் தேவைக்கு மேல் கொட்டிக் கொடுக்கின்றனவோ, அதே மாதங்களில் அவற்றைக் கெடாமல் காக்கும் சாதனத்தையும் வானம் இலவசமாக அனுப்பி வைக்கிறது. நாம் நாள்தோறும் திட்டித் தீர்க்கும் வெயில்தான் அந்தச் சாதனம்.

முதலில் வடக்கே போவோம். நகரத்திலிருந்து அழகர்கோவில் சுமார் 21 கிலோமீட்டர். அந்த மலைத்தொடருக்கு அப்பால் இருக்கிறது நத்தம். மாமரமும் புளியமரமும் அந்தப் பக்கத்தின் செல்வங்கள். கல்லாமை, காசா, செந்தூரம், பாலாமணி என்று மாம்பழத்தில் எத்தனையோ ஜாதிகள். சித்திரையிலும் வைகாசியிலும் வீசும் கோடைக் காற்றில் பாதி வளர்ந்த காய்கள் உதிர்ந்து தோப்பெல்லாம் இறைந்து கிடக்கும். அவை பழுக்கவும் உதவா, அதிக நாள் தாங்கவும் மாட்டா. கிராமத்துப் பெண்கள் அவற்றைத் தோலோடு கீறி, உப்பும் மஞ்சளும் பிசறி, வெயிலில் காயவைத்து மாவற்றலாக்கிப் பானைகளில் அடைத்துவிடுகிறார்கள். மழைக்காலத்தில் காய்கறி கிடைக்காத ஒரு நாளில் அந்த மாவற்றல் குழம்பு கொதிக்கும்போது தெரு முழுவதும் மணக்கும். காற்று உதிர்த்ததைக் கதிரவன் காப்பாற்றிக் கொடுத்தான் என்பதை அந்த மணம் ஊருக்குச் சொல்லும்.

அழகர் மதுரைக்கு இறங்கி வருகிற பாதை வழியே நகரத்துக்குத் திரும்பினால், அண்ணா நகர் உழவர் சந்தையைப் பார்க்கலாம். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை இதுவே; 1999-ஆம் வருஷம் நவம்பர் 14-ஆம் தேதி தொடங்கப்பட்டது. குடியானவரும் குடித்தனக்காரரும் தரகர் இல்லாமல் நேருக்கு நேர் கொடுக்கல் வாங்கல் செய்யும் இடம். விடியற்காலையில் பனி படிந்தாற்போல் பளபளக்கும் தக்காளியும் கத்தரியும், வெயில் ஏறியதும் முகம் வாடத் தொடங்கும். மிஞ்சியதைத் திரும்ப ஊருக்குச் சுமப்பதா, கிடைத்த விலைக்குத் தள்ளுவதா என்று விற்பவர் தவிக்கும் நேரம் அது. சாமர்த்தியமுள்ள இல்லத்தரசி அந்த நேரத்தைத்தான் எதிர்பார்த்திருக்கிறாள். அவளுடைய கூடை நிறைகிறது; அன்றே மொட்டை மாடியில் பாய் விரிகிறது.

மதுரை வீடுகளின் மாடிகளில் கோடை நாளில் காயும் பொருள்களைச் சொல்லி முடியாது. சீனியவரைக்காய், பாகற்காய், கத்தரிக்காய், வெண்டைக்காய், சுண்டைக்காய், மணத்தக்காளி, மோர் மிளகாய், வெங்காய வடகம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். கறுப்புக் குடை ஒன்றை விரித்து வைத்துக் காக்கையை மிரட்டுவதும், பள்ளிக்கூட விடுமுறையில் வீட்டிலிருக்கும் குழந்தைகளைக் காவலுக்கு நிறுத்துவதும், காவல் காத்தவர்களே பாதி வடகத்தைப் பச்சையாகத் தின்று தீர்ப்பதும் பரம்பரையாக நடந்து வரும் விஷயங்கள்.

இந்த வேலைகளை வெறும் பழக்கம் என்று எண்ணிவிடலாகாது. ஒவ்வொன்றிலும் ஒரு சாஸ்திரம் அடங்கியிருக்கிறது. சீனியவரையை உப்பு நீரில் அரை வேக்காடு வேகவைத்துப் பின்பு உலர்த்துகிறார்கள். அந்தக் கொதிநீர், காயின் நிறத்தையும் சுவையையும் கெடுக்கும் நொதிகளை அடக்கிவிடுகிறது. சுண்டைக்காயை முழுதாகப் போட்டால் தோல் தடுத்து ஈரம் வெளியேறாது; ஆகையால் அதை நசுக்கியோ கீறியோ போடுகிறார்கள். புளித்த மோரில் இரவெல்லாம் ஊறவைத்துப் பகலெல்லாம் காயவைத்து, இப்படிப் பல நாள் செய்யும்போது, உப்பு காயிலுள்ள நீரை உறிஞ்சி வெளியே கொண்டுவருகிறது, மோரின் புளிப்பு பூஞ்சணத்தையும் கிருமிகளையும் தடுக்கிறது, கசப்பும் தணிகிறது. இரசாயனம் படித்தறியாத பாட்டிமார் அனுபவத்தால் கண்ட உண்மைகள் இவை.

உலர்த்துவதற்கு உஷ்ணம் மட்டும் போதும் என்று நினைப்பவர் பலர். அது சரியன்று. சுற்றிலுமுள்ள காற்று வறண்டிருக்க வேண்டும். ஓயாமல் அசைந்துகொண்டும் இருக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் வெயில் கடுமையாக அடித்தாலும் காற்றில் ஈரம் மிகுதி. வற்றல் எளிதில் காயாது. மதுரையோ கடலுக்குத் தள்ளி, மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலையாளத்துப் பக்கம் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் பெரும்பாலும் வெறுங்கையாகவே இறங்குகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறக்கிறதோ இல்லையோ, வற்றலின் ஈரம் நிச்சயமாகப் பறந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை வருவதற்குள் வீட்டுக்கு வேண்டியதையெல்லாம் உலர்த்திக்கொள்ள இயற்கை தாராளமாகத் தவணை கொடுத்திருக்கிறது.

இவ்வளவு இருந்தும் ஒரு கேள்வி எழுகிறது. காய்களை வற்றலாக்கிய நாம் பழங்களை ஏன் விட்டுவிட்டோம்? நம்மவர்க்குப் பழத்தை உலர்த்தத் தெரியாது என்று சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்துத் தமிழர் பனம்பழத்தைப் பிசைந்து, களியை எடுத்து, பாயில் மெல்லியதாகப் பூசி, காய்ந்த பின் அதன்மேல் மீண்டும் மீண்டும் பூசிப் பனாட்டு செய்கிறார்கள். கோதாவரிக் கரையில் ஆந்திர சகோதரர்கள் மாம்பழச் சாற்றை இதே முறையில் அடுக்கடுக்காக உலர்த்தித் தாண்ட்ரா ஆக்குகிறார்கள். வங்காளத்தில் அதற்கு ஆம்சத்து என்று பெயர். மதுரைச் சமவெளியில் பனைக்கும் பஞ்சமில்லை, மாவுக்கும் பஞ்சமில்லை. வெயிலைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். பழுத்து அழுகும் பழத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு நமக்கு என்ன காரணம் இருக்கிறது?

மாம்பழத் தாள் செய்வது ஒன்றும் பிரமாதமான வித்தையன்று. நன்கு பழுத்த, புளிப்புச் சற்றே கலந்த பழங்களின் சதையை நாரின்றி வடிகட்டி, சிறிது வெல்லமோ சர்க்கரையோ சேர்த்து, அடுப்பில் ஒரு கொதி வரும்வரை கிளற வேண்டும். நெய் தடவிய தட்டில் தோசையின் கனத்துக்கு ஊற்றி, ஈயும் தூசியும் அண்டாதபடி மெல்லிய வெள்ளைத் துணியால் மூடி வெயிலில் வைக்கலாம். துணி தட்டில் ஒட்டாமலிருக்க நான்கு மூலைகளிலும் கிண்ணங்களைக் கவிழ்த்து வைப்பது நலம். மேற்புறம் காய்ந்ததும் இரண்டாவது பூச்சு, பிறகு மூன்றாவது. மாலையானதும் தட்டைக் கட்டாயம் வீட்டுக்குள் கொண்டு வந்துவிட வேண்டும். பகலில் விட்ட ஈரத்தை இரவுக் காற்றிலிருந்து பழம் திரும்ப வாங்கிக்கொள்ளும். கோடை இடிமழையும் மாலை நேரத்தில்தான் வரும்.

தக்காளிக்கு அவ்வளவு வேலைகூட இல்லை. கெட்டியான பழங்களை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, உப்புத் தூவி, தட்டில் ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பி, தினம் இருமுறை திருப்பிவிட்டால் போதும். வாழைப்பழத்தை நீளவாக்கில் பிளந்து எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் முக்கி எடுத்தால் கறுப்பது குறையும். வசதியுள்ளவர்கள், மேலே கண்ணாடி பதித்த மரப்பெட்டி ஒன்று செய்துகொள்ளலாம். அடியில் காற்று நுழையவும் மேலே வெளியேறவும் வலையிட்ட துளைகள் வைத்தால், உள்ளே வெப்பம் கூடி உலரும் காலம் குறையும். காக்கைக்கும் குடை பிடிக்க வேண்டியதில்லை.

இதில் கணக்கு முக்கியம். தக்காளியில் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீர். பத்துக் கிலோ பழத்தில் உண்மையான சரக்கு 600 கிராம்தான். பத்தில் ஒரு பங்கு ஈரம் மிஞ்சும் அளவுக்கு உலர்த்தினால், கைக்கு வருவது ஏறக்குறைய 670 கிராம். மாம்பழச் சதையில் தண்ணீர் சுமார் 81 பங்கு. பத்துக் கிலோ சதையிலிருந்து 2¼ கிலோ அளவில் தாள் கிடைக்கும். இந்தக் கணக்கை அறிந்து தொடக்கத்திலும் முடிவிலும் தராசில் நிறுத்துப் பார்ப்பவர் ஏமாறமாட்டார். எடை அதிகமாக இருந்தால் ஈரம் இன்னும் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். காய் வற்றல் ஒடிய வேண்டும். பழ வற்றல் வளையலாம், ஆனால் பிழிந்தால் கையில் பசை ஒட்டலாகாது. கண்ணாடிச் சீசாவில் போட்டு ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பார்க்க வேண்டும். உட்புறம் நீர்த்துளி தென்பட்டால் மறுபடியும் வெயில்தான் வைத்தியம். பூஞ்சணம் பூத்ததைத் துடைத்துவிட்டு உபயோகிப்பது ஆபத்து. அதைக் கழித்துவிடுவதே அறிவுடைமை.

வற்றல் பச்சைக் காய்க்கு முழு ஈடாகிவிடும் என்று யாரும் நம்ப வேண்டியதில்லை. வெயிலில் உலரும்போது வைட்டமின் சி பெரும்பாலும் அழிந்துபோகும். தாது உப்புக்களும் நார்ச்சத்தும் நிலைத்து நிற்கும். நேர் வெயில் படாமல் துணி நிழலில் உலர்த்தினால் நிறமும், அந்த நிறத்துக்குரிய சத்தும் குறைவாகவே சேதமாகும். இத்தகைய விஷயங்களைப் பாடமாகவே கற்பிக்கும் கலாசாலை நகரத்தின் வாசலிலேயே இருக்கிறது. யானைமலைக்கு அருகே ஒத்தக்கடையில் 1965-இல் விவசாயக் கல்லூரியும், 1980-இல் மனையியல் கல்லூரியும் தோன்றின. பாட்டியின் கைப்பக்குவமும் கல்லூரியின் அளவுகோலும் ஒரே மாடியில் சந்தித்தால், அதைவிட நல்ல பரிசோதனைச் சாலை வேறு வேண்டுமா?

கடைசியாகத் தெற்கே போவோம். திருமங்கலத்தைத் தாண்டினால் செம்மண் மறைந்து கரிசல் தொடங்குகிறது. வானம் பார்த்த பூமி. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் மதுரை ஜில்லாவை வாட்டியதை முதியோர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். 1895-இல் முல்லைப் பெரியாற்று அணை கட்டி முடிந்து வைகைப் பாசன நிலங்கள் செழித்தன. ஆனால் அந்த நீர் கரிசல் மேட்டுக்கு ஏறவில்லை. இங்கே கிடைத்ததைக் காப்பாற்றத் தெரிந்தவன்தான் பிழைத்தான். மிதுக்கங்காயும் அதலைக்காயும் இந்த மண்ணில் யாரும் விதைக்காமலே முளைப்பவை. அதலையின் கிழங்கு கோடை முழுவதும் மண்ணுக்குள் உறங்கி, மழை விழுந்ததும் கொடி விடும். பறித்த காய் இரண்டொரு நாளிலேயே பழுத்து வெடித்துவிடும். மழை ஓய்ந்து கிடைக்கும் சிறு வெயிலில் அவசர அவசரமாக உலர்த்தினால்தான் அது வருஷத்துக்கு நிற்கும்.

இந்தக் கரிசல் நாட்டில் டி. கல்லுப்பட்டி என்று ஓர் ஊர். அங்கே 1940-இல் காந்தி நிகேதன் ஆசிரமம் நிறுவப்பட்டது. ஸ்ரீ ஜே. சி. குமரப்பா தமது கடைசிக் காலத்தை அங்கேதான் கழித்தார். தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குப் பரிசோதனைத் தொழில் கற்றுத் திரும்பியவர். 1934-இல் காந்தியடிகள் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை ஆரம்பித்தபோது அதன் காரியதரிசியானவர். உலகத்துச் செல்வத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். நிலக்கரி, எண்ணெய் முதலியவை தேங்கி நிற்பவை; எடுக்க எடுக்கக் குறைந்து, மனிதர்களைச் சண்டைக்கு இழுப்பவை. சூரிய ஒளி, காற்று, ஓடும் நீர் போன்றவை ஓயாத ஓட்டமாக வருபவை. ஒருவர் எடுத்துக்கொண்டதால் மற்றவருக்குக் குறைவு வராது. மொட்டை மாடியில் காயும் ஒரு தட்டு வற்றல், இந்த இரண்டாவது செல்வத்தின் சிறிய வரவுக் கணக்கு.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளி விலை விழுந்து, பறிகூலிக்கும் கட்டாமல் குடியானவர்கள் கூடை கூடையாகச் சாலையோரத்தில் கொட்டிச் சென்ற செய்தியைப் பல தடவை படித்திருக்கிறோம். அந்தத் துயரத்தை மதுரையின் மாடிகளால் தீர்க்க முடியாது. லாரி லாரியாக வரும் பழத்துக்குக் கூட்டுறவு உலர்களங்களும், சூரியக் கூடாரங்களும், நியாயமான விலையும் வேண்டும். அவற்றைக் கேட்டு வாங்குவது பொதுஜனங்களின் கடமை. ஆனால் கேட்பவர்களுக்கு முதலில் பழத்தின் அருமை தெரிந்திருக்க வேண்டும். பத்துக் கிலோ தக்காளியை மூன்று நாள் திருப்பித் திருப்பிக் காயவைத்து ஒரு சீசாவில் அடைத்தவள், சாலையில் சிதறிக் கிடக்கும் தக்காளியைக் கண்டும் காணாததுபோல் கடந்து போகமாட்டாள்.

அடுக்கு மாடி வீடுகள் பெருகிவிட்ட இந்நாளில் எல்லோருக்கும் தனி மாடி கிடைப்பதில்லை என்பது வாஸ்தவம். அதனாலென்ன? ஒரு கட்டிடத்துக்கு ஒரு மாடி போதும். முறை வைத்துக் காவலிருந்தால் நாலு வீட்டு வற்றலும் காயும், நாலு வீட்டார் நட்பும் முதிரும். அடுத்த சித்திரையில் மாம்பழம் மலியும்போது ஒரு தட்டிலாவது தொடங்கிப் பார்க்கலாம். தட்டு மட்டும் நம்முடையதாயிருந்தால் போதும். வெயிலுக்கு மதுரை உத்தரவாதம்.