குழுமூரில் இருந்து எவ்வளவு தூரம்?

"பத்தாவது முடிச்சுட்டு என்ன படிக்கப் போறே?" பெரம்பலூர், அரியலூர் பக்கம் கேட்டுப் பாருங்கள். டீச்சர், போலீஸ், நர்ஸ், டாக்டர்... பெரும்பாலும் இதற்குள்தான் பதில் வரும். மக்காச்சோளக் காடும் சிமெண்ட் லாரியும் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு, கண்ணில் பட்ட வேலைதானே கனவில் வரும்? இதை வைத்து "கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆசை சின்னது" என்று சொல்பவர்கள் உண்டு. அது தப்பு.

அனிதாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் அரியலூர் மாவட்டம் குழுமூர். அப்பா திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். அம்மா சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். ஆசை, டாக்டர் ஆவது. 2017 பிளஸ் டூவில் 1200க்கு 1176 (இயற்பியலிலும் கணக்கிலும் 200!). மருத்துவக் கட்ஆஃப் 196.75. முந்தைய வருடம் என்றால் அரசு மருத்துவக் கல்லூரி சீட்டுக்கு அது தாராளம். அந்த வருடம் பார்த்து நீட் வந்தது. 720க்கு 86.

அதே பெண், அதே மூளை. பிறகு எப்படி இவ்வளவு வித்தியாசம்?

நீட்டில் ஏறக்குறைய பாதிக் கேள்வி பிளஸ் ஒன் பாடத்தில் இருந்து வரும். அப்போது இங்கே பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வே கிடையாது. பல பள்ளிகள் இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தன. விவரம் தெரிந்த வீடுகளில் பிள்ளையைக் கோச்சிங்கில் சேர்த்தார்கள். மூட்டை தூக்குகிறவர் வீட்டில் என்ன செய்வது? அதுவும், விலக்கு உண்டா இல்லையா என்று அரசுக்கே கடைசி வரை தெரியாதபோது! வசதியில்லாத வீடு ஆசையைக் குறைக்கவில்லை. இன்னொரு முறை எழுதிப் பார்க்கலாம் என்கிற அவகாசத்தைத்தான் பறித்துக்கொண்டது.

உச்ச நீதிமன்றம் வரை போனார். ஆகஸ்ட் 22ல் நீட்படிதான் சேர்க்கை என்று உத்தரவு வந்தது. செப்டம்பர் 1ல் அவர் உயிரோடு இல்லை. அப்போது வயது 17.

பிறகு 2020ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. 2022 ஜனவரியில் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். அங்குள்ள அரங்கத்துக்கு அனிதாவின் பெயர்தான்.

ஆனால் ஒன்று. அந்த ஒதுக்கீடு ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. அனிதா பிளஸ் டூ படித்தது பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில், வாங்கிய மார்க்குக்காகக் கட்டணம் இல்லாமல். இன்று எழுதியிருந்தாலும் அந்தக் கணக்கில் அவர் வரமாட்டார்.